களர் என்று எழுதிக் கொடுத்த நிலம்

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மண்ணை நாக்கில் வைத்துச் சொல்லிவிடும். ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கு நுனியில் வைக்கும், துப்பும், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்ளும். "இது உவரு. நாலு மழை நல்லாப் பேஞ்சி தண்ணி வடிஞ்சா போயிரும்" என்று சொன்னால் அது நல்ல சேதி. "இது களருடா சாமி. இது லேசுல போவாது, நம்மளயும் லேசுல உடாது" என்று சொன்னால் அது எங்க நிலம்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மருதையாற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் சேரி. நான் பிறந்தபோது அது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-இல் அரியலூர் தனியாகி, 2002-இல் திரும்ப ஒட்டி, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. மாவட்டம் மாற மாற எங்கள் நிலத்துக் காகிதங்களும் ஆபீஸ் விட்டு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தன. அந்தக் காகிதங்களைத் தேடி அலைந்தபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த ஒண்ணே முக்கால் ஏக்கருக்கு எதிரே 'களர், தரிசு' என்று எழுதியிருந்தது. பக்கத்துப் புலன்களில் அப்படி எழுதிய இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனேன். வட்டங்கள் எல்லாம் சேரியைச் சுற்றியே விழுந்தன. களர் எப்படி சாதி பார்த்துப் படர்ந்தது?

இதற்குப் பதில் தேட முதலில் களர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆயா சொன்ன அடையாளங்களை அப்படியே எழுதுகிறேன். உவர் நிலத்தில் கோடையில் வெள்ளை பூக்கும். விடியற்காலையில் தொட்டால் ஈரமாக இருக்கும். நாக்கில் உப்புக் கரிக்கும். களர் அப்படியில்லை. காய்ந்தால் கடப்பாரை போட்டாலும் இறங்காது. நனைந்தால் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். மேலே கறுப்பாக எண்ணெய் பூசினதுபோல ஒரு படலம் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாமல் அப்படியே நிற்கும், நின்ற தண்ணீர் எத்தனை நாளானாலும் தெளியாது. "களருத் தண்ணியில மொவம் பாக்க முடியாது" என்று சொல்லும்.

பின்னால் நான் புத்தகங்களில் படித்தது இதைத்தான், எண்களோடு. அமெரிக்காவில் ரிவர்சைடு என்ற ஊரில் இருக்கும் உப்பு நில ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேட்டின் வரையறையைத்தான் உலகம் பெரும்பாலும் பின்பற்றுகிறது. மண்ணிலிருந்து பிழிந்த நீரின் மின் கடத்துதிறன் 4 டெசிசீமென்சுக்கு மேலே போய், கார அமில நிலை 8.5-க்குக் கீழே இருந்தால் உவர். மின் கடத்துதிறன் 4-க்குக் கீழே இருந்து, கார அமில நிலை 8.5-க்கு மேலே போய், களிமண் பிடித்து வைத்திருக்கும் சத்துகளில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சோடியமாக இருந்தால் களர். கரையும் உப்பும் மிகுந்து, சோடியமும் மிகுந்திருந்தால் களர் உவர். ஆகவே உவருக்கும் களருக்கும் நோய் வேறு. உவரில் உப்பு தண்ணீரில் கரைந்து கிடக்கிறது, கழுவினால் போகும். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. கால்சியம் ஒட்டியிருக்கும் மண்ணில் களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துப் பொலபொலவென்று நிற்கும். சோடியம் ஏறினால் பிடி விட்டுத் துகள் துகளாகப் பிரிந்து, மண்ணுக்குள் இருக்கிற சின்னச் சின்னச் சந்துகளை எல்லாம் அடைத்துவிடும். தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. ஆயாவின் தெளியாத தண்ணீர் அந்தப் பிரிந்த களித்துகள்தான். அந்தக் கறுப்புப் படலம், காரத்தில் கரைந்து மேலே வந்த மக்கு. பயிருக்குச் சோறாக வேண்டியது படலமாகி வெயிலில் காய்கிறது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வேறு காரணம் சொன்னார்கள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, அந்த உப்புதான் இது என்று. கடல் இருந்தது உண்மை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் சிப்பியும் நத்தையும் அரியலூர்ப் பக்கம் மாடு மேய்க்கிற பையன் கையிலேயே கிடைக்கும். சாத்தனூரில் கல்லாகிப் போன பதினெட்டு மீட்டர் மரம் கிடக்கிறது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் அதை உலகுக்குச் சொன்னார். ஆனால் எங்கள் காட்டுக் களருக்கு அந்தக் கடலை மட்டும் காரணம் சொன்னால் பாதிக் கதை போய்விடும். மேற்கே பச்சைமலை அடிவாரம் பழைய படிகப் பாறை. மழைநீர் அந்தப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. சோடியம், கால்சியம், பைகார்பனேட் எல்லாம் கரைந்து தாழ்வை நோக்கி வருகின்றன. வருகிற தண்ணீர் வடிந்து ஆற்றில் சேர்ந்தால் ஒன்றும் இல்லை. தாழ்ந்த இடத்தில் தேங்கி வெயிலில் சுண்டினால், கால்சியம் முதலில் சுண்ணாம்பாகப் படியும். உழும்போது சுக்கான் கல் என்று பொறுக்கி வரப்பில் வீசுகிறோமே, அதுதான். கால்சியம் கல்லாகிப் போன பிறகு தண்ணீரில் மிஞ்சுவது சோடியம். அது களிமண்ணில் ஏறிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை, அதைவிட அதிகமாக ஆவியாக்கும் வெயில், வடியாத பள்ளம். இந்த மூன்றும் சேர்ந்தால் கடலே தேவையில்லை.

வடியாத பள்ளம் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊர் மேட்டில் இருக்கும். ஏரி, மதகு, முதல் மடை நன்செய், அப்புறம் இரண்டாம் மடை, கடைமடை, அதற்கும் கீழே கழிவு வாய்க்கால், அதன் கரையில் சேரி. எங்கள் வட்டாரத்தில் எந்த ஊரை வேண்டுமானாலும் நடந்து பாருங்கள், பெரும்பாலும் இந்த வரிசைதான். மேல்மடை வயல்களைக் கழுவின தண்ணீர் அதிலுள்ள உப்போடு எங்களிடம் வந்து நிற்கும். பாசனம் நடக்கிற ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு படி சேரும். அதற்குமேல் வடிய வழியில்லை, ஏனென்றால் வடிகால் ஆற்றுக்குப் போக வேண்டுமானால் நடுவில் இருக்கிற நிலம் ஆண்டைகளுடையது. ஈராக் நாட்டின் தென்பகுதியில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பாசனத்தால் உப்பேறிக் கோதுமை குறைந்து வாற்கோதுமைக்கு மாறினார்கள் என்று 1958-இல் யாக்கப்சனும் ஆடம்சும் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களில் சிலர் அதை மறுத்தும் இருக்கிறார்கள். அங்கே நாகரிகமே வீழ்ந்ததா இல்லையா என்று விவாதம் நடக்கிறது. இங்கே வீழ்ந்தது யார் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

தமிழ் இலக்கியத்தில் களருக்குப் பக்கத்தில் நம் ஆள் நிற்பது இன்று நேற்றல்ல. புறநானூற்று 311-ஆம் பாட்டில், களர் நிலத்தில் கூவல் தோண்டித் தினமும் துணி வெளுக்கிற புலைத்தி வருகிறாள். ஔவையார் பாட்டு. பாட்டு அவளைப் பற்றியதில்லை, அவள் வெளுத்த வெள்ளைத் துணியை உடுத்திய வீரனைப் பற்றியது. உரைகள் வீரனோடு போய்விடுகின்றன. நான் அந்தக் கூவலில் நின்றுவிட்டேன். ஏன் களரில் தோண்டினாள்? அந்தத் தண்ணீரில் காரம் இருக்கிறது, அழுக்கை எடுக்கும். உவர்மண் என்று வண்ணார்கள் வெள்ளாவிக்கு எடுத்ததும் இந்தக் காரத்துக்காகத்தான். சோப்பு வருவதற்கு முன்னால் நாட்டின் துணி முழுவதும் வெளுத்தது இந்த மண்ணில்தான். எங்கள் சேரிக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பத்துப் பாட்டி, எந்த மண் எந்தத் துணிக்கு என்று ஆயாவுக்கே பாடம் எடுக்கும். பயிருக்கு விஷமான ஒன்றைப் பயனாக்கிய அறிவு யாரிடம் இருந்தது என்பதற்குச் சங்க காலத்துச் சாட்சி அந்தப் பாட்டு. ஆனால் பாடநூலில் களர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது 406-ஆம் குறள். கல்லாதவர் பயன் தராத களருக்கு ஒப்பாம். கற்கவிடாமல் வைத்து, களரில் குடிவைத்து, அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று வள்ளுவரைக் கேட்க முடியாது. குறளை மனப்பாடம் செய்யச் சொன்ன வாத்தியாரை ஒருமுறை கேட்டேன், பெஞ்சு மேல் நின்றேன்.

மண்ணிலிருந்து உப்பே எடுத்த சாதியும் இருந்தது. உப்பிலியர் என்பார்கள். உவர்மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து வடித்து, காய்ச்சி, உள்நாட்டு ஏழைகளுக்கு மலிவான உப்பு கொடுத்தவர்கள். கம்பெனிக்காரன் 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கினான். அதற்குப் பின் மண் உப்பு குற்றமாகிக்கொண்டே வந்தது. 1889-இல் உப்புச் சட்டம் இன்னும் இறுகியது. தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி எழுதியபோது அவர்கள் தொழிலை இழந்து மண் வெட்டும் வேலைக்குப் போயிருந்தார்கள். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டது எல்லோருக்கும் தெரியும், தூண் இருக்கிறது, பாடம் இருக்கிறது. அதற்கு முன்னால் தன் வீட்டுக் கொல்லையில் மண்ணைச் சுரண்டி உப்புக் காய்ச்சியதற்காகத் தண்டம் கட்டிய பெண்களுக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி எங்கள் நிலத்துக்கு வருகிறேன். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அவர் கண்டது எளிய விசயம். தரிசு ஏராளமாகக் கிடக்கிறது, உழைக்கிறவனுக்கு அதில் ஒரு குழி கிடையாது. பறையன் ஒருவன் தரிசு கேட்டு மனுப் போட்டால், மிராசுதாருக்கு முன்னுரிமை என்று விதி குறுக்கே வரும். மிராசுதார் தான் உழுவதற்காக அதை வாங்குவதில்லை. பண்ணையாள் சொந்தமாக நிலம் பிடித்துவிட்டால் நாளைக்கு ஏரோட்ட ஆள் வராது, அதற்காக வாங்குவான். 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்த வருவாய்த்துறை ஆணைகள், 1010, 1010 ஏ, இந்த அறிக்கையின் தொடர்ச்சிதான். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் பேசுவதன் தொடக்கம் அது. பின்னாளில் வருவாய் வாரிய நிலை ஆணைகளில் நிபந்தனைகள் வந்தன. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் கிரயம் செல்லாது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

உடையார்பாளையம், அரியலூர் என்று ஜமீன் இருந்த பகுதிகளில் தரிசு ஜமீனுடையது, அரசு கொடுக்க முடியாது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின்தான் அங்கே பேச்சே எழுந்தது. எங்களூர் ரயத்துவாரி. அதனால் தாத்தாவுக்கு 1930-களில் ஒரு பட்டா கிடைத்தது. கொடுக்கிற நிலத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டியவர்கள் கர்ணமும் மணியமும். நல்ல தரிசு என்று ஒன்று இருந்தால் அது ஏற்கெனவே யாரோ ஒருவர் பெயரில் மேய்ச்சலுக்கு, களத்துக்கு, கோயிலுக்கு என்று போயிருக்கும். மிஞ்சியது கழிவு வாய்க்கால் ஓரத்துக் களராங்காடு. ஆணை நிறைவேறியது என்று மேலே எழுதிவிட்டார்கள். மேலே இருந்தவனுக்கு ஏக்கர் கணக்குதான் தெரியும், கார அமில நிலை தெரியாது.

தெரியாது என்று முழுக்கச் சொல்லவும் முடியாது. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹில்கார்டு என்ற மண்ணியல் அறிஞர் களருக்கு ஜிப்சம் மருந்து என்று காட்டிவிட்டார். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், விடுபட்ட சோடியம் சல்பேட்டாகிக் கரையும், தண்ணீர் கட்டி வடித்தால் போய்விடும். அந்த ஜிப்சம் எங்கே இருக்கிறது? எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிளான்போர்டு 1862-இல் வெளியிட்ட நிலவியல் அறிக்கை இந்தப் பகுதிப் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தது. அந்த ஊட்டத்தூர் அடுக்கின் களிமண்ணில், காரைப் பக்கம் ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கிற அந்தச் செம்மண் பாழில், ஜிப்சம் பளபளவென்று பட்டை பட்டையாக நிற்கிறது. சின்ன வயதில் கண்ணாடிக் கல் என்று பொறுக்கி விளையாடியிருக்கிறேன். கடல் விட்டுப்போன உப்பு என்று சொன்னார்களே, அந்தக் கடல் எங்களுக்கு விட்டுப்போனது மருந்தை.

மருந்து எங்கே போனது? சிமெண்டுக்குப் போனது. சிமெண்ட் அரைக்கும்போது சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க நூற்றுக்கு நாலைந்து பங்கு ஜிப்சம் சேர்ப்பார்கள். டால்மியாபுரத்தில் 1939-இல் ஆலை வந்தது. 1953-இல் அந்த ரயில் நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கேட்டு நடந்த போராட்டம் தமிழக அரசியலில் ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. பெயர்ப் பலகைக்காகத் தண்டவாளத்தில் படுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் மண்ணுக்கடியில் இருந்தது யாருக்குப் போகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் படுக்கவில்லை. 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. வேளாண்மைத் துறை மானிய விலையில் ஜிப்சம் கொடுத்தபோது எங்கள் ஆட்கள் கேட்கப் போனார்கள். சிட்டா கொண்டு வா என்றார்கள். அதற்குள் சிட்டா எங்களிடம் இல்லை. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால், ஜிப்சம் இல்லாமலேயே தாத்தாவும் ஆயாவும் அந்த நிலத்தை எப்படித் திருத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வரலாறு, மற்றதெல்லாம் ஆபீஸ் வரலாறு.

பகல் முழுக்கப் பண்ணை வேலை. நிலா இருக்கிற ராத்திரிகளில்தான் சொந்த நிலம். முதல் இரண்டு வருசம் வரப்பு மட்டுமே போட்டார்கள். நிலத்தைச் சமப்படுத்தி, சின்னச் சின்னப் பாத்தியாக அடித்து, ஐப்பசி மழையை அப்படியே நிறுத்தி, காலால் மிதித்துக் கலக்கி, கலங்கின தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். திரும்ப மழை, திரும்ப மிதி, திரும்ப வடி. அப்புறம் தழை. எருக்கு, ஆவாரை, கொழிஞ்சி, புங்கு, வேம்பு, எது கிடைத்தாலும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து மிதித்தார்கள். ஆயா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டும், "இந்தக் கழுத்து ஒருபக்கமாச் சாஞ்சது தழை தூக்கித்தான்" என்று. யாரோ கிடை போட்டால் ஆட்டுக்காரருக்குக் கூழ் கொடுத்து இரண்டு ராத்திரி நம் நிலத்தில் அடைக்கச் சொல்வார்கள். அடுப்புச் சாம்பலை மட்டும் ஆயா அந்தக் காட்டுப் பக்கமே விடாது. சாம்பலில் காரம் இருக்கிறது, களருக்கு ஆகாது. இதை அதற்கு எந்த வேளாண் அதிகாரியும் சொல்லவில்லை.

ஏரி வண்டல் அடிக்க ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு. எங்களுக்கு, ஆண்டைகள் வண்டியெல்லாம் அடித்து முடித்தபின் கிடைக்கிற அடிமண்.

தழை மக்கும்போது நடப்பதை இன்று மண்ணியல் நன்றாகவே விளக்குகிறது. மக்குவதிலிருந்தும் நெல் வேரிலிருந்தும் வருகிற கரியமில வாயு தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகி, மண்ணுக்குள்ளேயே கல்லாகிக் கிடக்கிற சுக்கானைக் கரைக்கிறது. அதிலிருந்து விடுபடும் கால்சியம் சோடியத்தைத் தள்ளுகிறது. களர் நிலத்தில் முதலில் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழு, முதல் பயிராக நெல்லைப் போடு என்று இன்று பரிந்துரை செய்வதும் அதனால்தான். களர்பாலை என்று ஒரு பழைய நெல் இருந்தது, பெயரிலேயே களரை வைத்துக்கொண்டு. மேல்மடை வயலுக்கு அது தேவைப்படவே இல்லை. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் எந்த மாதிரி நிலத்தில் நின்றார்கள் என்பதைப் பெயரே சொல்கிறது.

இதில் எல்லாமே கைவேலையால் ஆகக்கூடியது, ஒன்றைத் தவிர. வடித்த தண்ணீர் எங்காவது போக வேண்டும். தாத்தா கழிவு வாய்க்காலை ஆற்றுவரை வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டுப் போனார். நடுவில் இருந்தது ஆண்டையின் கரும்புக்கொல்லை. "பறப்பய உப்பு என் கொல்ல வழியா ஓடணுமா?" என்று கேட்டு, கட்டி வைத்து அடித்தார்கள். மேல்மடை உப்பு எங்கள் வழியாக ஓடி வந்து நிற்கலாம். எங்கள் உப்பு அவர்கள் ஓரமாகக்கூடப் போகக் கூடாது. கடைசியில் தாத்தா சேரித் தெருவின் பின்னால், எங்கள் வீடுகளை ஒட்டியே சுற்றி வளைத்து ஒரு வடிகால் வெட்டினார். மூன்று பங்கு தூரம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் கொல்லையில் ஒரு முழம் விட்டுக் கொடுத்தார்கள். பதினொரு வருசம் ஆனது. ஆறாவது வருசம் கேழ்வரகு வந்தது, பதினோராவது வருசம் நெல் முழு வயலிலும் பழுத்தது. நான் பிறந்தபோது அது நல்ல நிலம். களராங்காடு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நல்ல நிலமானதும் கண் பட்டது. என் அத்தை கல்யாணத்துக்கு அப்பா ஆண்டை வீட்டில் கைமாற்று வாங்கினார். வெத்துப் பத்திரத்தில் கைநாட்டு. வட்டிக்கு விளைச்சல் போயிற்று, அப்புறம் நிலமே 'ஒத்தி' என்று போயிற்று. ஒத்தி எப்போது கிரயம் ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. ஒடுக்கப்பட்ட வகுப்பு நிபந்தனை நிலத்துக்கு அந்தக் கிரயம் செல்லாது என்பது அப்பாவுக்கும் தெரியாது. 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது, யூ.டி.ஆர். என்று சனங்கள் சொல்வார்கள். 1980-இல் கர்ணம், மணியம் பதவிகளையே அரசு ஒழித்துவிட்டது, ஆனால் அவர்கள் எழுதி வைத்த கணக்கு ஒழியவில்லை. அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று கேட்டு எழுதினார்கள். அனுபவத்தில் அவர் இருந்தார். பழைய அ பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதியதில் இல்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கிற மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரின் யூ.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறைந்த குறிப்புகளை எண்ணுங்கள். அதோடு, களர் என்று எழுதியது எந்தப் புலன், எப்போது அந்தச் சொல் அடிபட்டு 'நன்செய்' ஆயிற்று, அதன்பின் பெயர் எப்போது மாறியது என்று தேதி பாருங்கள். எங்கள் ஊரில் நான் பார்த்த நாலு புலன்களில் மண் திருந்திய பிறகுதான் பெயர் மாறியிருந்தது. களராக இருந்தவரை யாருக்கும் வேண்டாம்.

1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலத்துக்காகத் திரண்ட நம் மக்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் அப்பா முதல்முறையாக, "நம்மளுதும் அந்த மாதிரி நெலந்தான்" என்றார். அதுவரை கடனுக்குப் போன நிலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதன்பின் மனு, மறுமனு, விசாரணை, வாய்தா. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மனு என்னிடம் இருக்கிறது.

நிலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆண்டை வீட்டார் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். எங்கள் பக்கத்து ஆழத் தண்ணீர் பல இடங்களில் சப்பென்று ருசிக்கும், உப்பே தெரியாது. ஆனால் கால்சியத்தை மீறிக் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீர். அந்த மிகுதி லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்குவலன்டைத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது என்பது கணக்கு. அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் மிஞ்சியிருக்கிற கால்சியமும் சுண்ணாம்பாகப் படிந்து, சோடியம் ஏறும். பச்சைமலையிலிருந்து இறங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்தது, ஒரு மோட்டாரால் இருபது வருசத்தில் நடக்கும். இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் 67 லட்சம் ஹெக்டேர் என்றும், தமிழ்நாட்டில் 3.68 லட்சம் ஹெக்டேர் என்றும் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. தமிழ்நாட்டுக் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல் களர்தான், உவர் கொஞ்சம். திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் களருக்கென்றே நெல் ரகங்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். திருச்சி 1, திருச்சி 3 என்று. நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மதிப்பீட்டு அட்டவணைகளில் மாவட்டம் இருக்கிறது, ஹெக்டேர் இருக்கிறது, அந்த ஹெக்டேரில் நிற்பவர் யார் என்ற பத்தி கிடையாது.

போன ஐப்பசியில் மழை விட்ட நாலாம் நாள் அந்தப் பக்கம் போனேன். எங்கள் வயலில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, செங்காவி நிறத்தில், கொஞ்சமும் தெளியாமல். வரப்பு காய்ந்த இடத்தில் கறுப்புப் படலம். ஒரு மூலையில் சீமைக்கருவை ஏறியிருந்தது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். ஆயா வைத்ததுபோல எனக்கு வராது, ஆனாலும் தெரிந்தது.

ஆண்டையின் மகன் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். என் வயதுதான், ஒரே பள்ளிக்கூடம், வேறு வேறு பெஞ்சு. வழக்குக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து முதலில் முறைத்தார். அப்புறம் அவராகவே பேச்சுக் கொடுத்தார். "இது உங்க தாத்தன் காலத்துல நல்லா வெளஞ்சிச்சாம்ல. எங்கப்பா சொல்லும். ஜிப்சம் போட்டுப் பாத்தேன், சிங்க் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. அவுங்க என்னாப்பா பண்ணாங்க?"

நான் தாத்தா வெட்டிய வடிகாலைத் தேடினேன். மண் மூடி, அதன்மேல் அவர் கொட்டகை இருந்தது.

"தண்ணிய எந்தப் பக்கம் வடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சேரிப் பக்கம் கையைக் காட்டினார்.